பன்னெண்டாம் நம்பர்

தூங்குகிற மாதிரி நடிப்பது ஒன்றும் லேசுப்பட்ட காரியமில்லை. எச்சில் முழுங்கக்கூடாது, இமை துடிக்கக்கூடாது, பஸ் குலுங்கினால் தலையும் கூடவே குலுங்கணும், கழுத்தை விறைத்தால் பின் சீட்டுக்காரனுக்குத் தெரிந்துபோகும், பய முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கான் என்று. இசக்கிராஜ் பணகுடி தாண்டினதிலிருந்து இந்த நாடகத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். பின் சீட்டில் ரெண்டு பேர். ஒருத்தர் கல்லூரி பி.டி. ஞானதுரை சார், மூணு வருஷமாக வாயில் விசிலும் விசிலை எடுத்தால் வசவுமாகத் திரிகிறவர். இன்னொருத்தர் மெட்ராஸில் ஒரு ஆபீஸ் பாஸ்கெட்பால் டீமுக்குக் கோச்சாக இருக்கிற வரதன். காலையில் நாகர்கோவிலில் இவர்கள் ஆடின செமி பைனலைப் பார்க்க வந்தவர், மத்தியான ரயிலைத் திருநெல்வேலி ஜங்ஷனில் பிடிக்கணும் என்று காலேஜ் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டார். அவருடைய டீமில் ஒரே ஒரு கார்டு இடம் காலி. எடுத்தால் அந்த ஆபீஸிலேயே வேலை, ஆயுசுக்கும் வேலை, பேன் காற்று, ஞாயிற்றுக்கிழமை லீவு, சாயங்காலம் மரப்பலகை போட்ட கோர்ட்டில் ஆட்டம். எடுக்காவிட்டால் இசக்கிக்கு வள்ளியூர் மாமாவின் கல் கிரஷர். இடம் ஒண்ணு, இந்தப் பஸ்ஸில் அதுக்குக் கார்டு ரெண்டு. ஒருத்தன் இவன். இன்னொருத்தன் ஜன்னலோரமாக, இவன் தோளில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு நிஜமாகவே தூங்குகிற கிளிட்டஸ். தூத்துக்குடிப் பயலுக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வந்துவிடும், கொடுத்து வைத்தவன். அவனுடைய இடது கை மட்டும் ஜன்னல் சட்டத்தின் மேல் கிடந்தது, நாலு விரலும் வெளிப்பக்கம் மடங்கி, வெயிலில்.

அந்தக் கையைப் பார்க்கக்கூடாது என்று இசக்கி நினைத்தான், கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது, ஆனாலும் தெரிந்தது. பந்தை அள்ளுகிற கை. பீச்சாங்கை, பீச்சாங்கை என்று டீம் முழுக்கக் கேலி பண்ணி ஓய்ந்துபோன கை. பின்னால் வரதன் கேட்கிறார், உங்க கார்டுல யாரு ஒண்ணு, யாரு ரெண்டு. ஒண்ணு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு போய் மற்ற நாலு பேருக்கும் பங்கு வைக்கிறவன், டீமே அவன் கையைப் பார்த்துத்தான் நிற்கும். ரெண்டு என்றால் ஓரத்தில் ஓடி, வாங்கி, கூடையில் போடுகிறவன். மூணு வருஷமாக ஒண்ணு இசக்கிதான், யாரும் கொடுத்ததில்லை, அவனே பிடுங்கிக்கொண்டது. முதல் வருஷம் ஆடி மாசக் காற்றில் பிராக்டிஸ் நடந்தபோது ஒண்ணாக நின்றவன் கிளிட்டஸ். ரெண்டு தடவை கேட்டும் பந்து வரவில்லை என்று மூணாவது தடவை இசக்கி தானே பறித்து, ஒரு முழம் தள்ளி நின்று, அதே பந்தை அவன் மூஞ்சியிலேயே அடித்தான். மூக்கு உடைந்து ரத்தம் சிமெண்டுத் தரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஓடி வந்த பி.டி. என்னலே ஆச்சு என்று கத்தினதுக்கு, மூக்கைப் பொத்திக்கொண்டு கிளிட்டஸ் சொன்னான், பந்து தானா பட்டுட்டு சார். தானா. மறுநாளிலிருந்து அவன் ரெண்டு, இசக்கி ஒண்ணு. அந்தத் தானாவுக்காக இசக்கி அவனை என்றைக்குமே மன்னித்ததில்லை. திருப்பி அடித்திருந்தால் ரெண்டு பேரும் சமம் என்று விட்டிருப்பான், இந்தப் பய அடி வாங்கிக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலமே பரோட்டா வாங்கித் தந்தான். அப்படிப்பட்டவனை என்னதான் செய்வது, கொல்லவா முடியும்.

முடியுமா முடியாதா என்று இன்றைக்குக் காலையில் விழுந்த பல்லைத்தான் கேட்கணும். மூணாவது குவார்ட்டர் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், எதிர் டீம்காரன் ஒருத்தன், நெட்டைப் பய, இவன் முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்தான், ஒவ்வொரு தடவையும் பனியனைப் பிடித்து இழுத்தான், காதுக்குள்ளே என்னமோ சொன்னான். அம்மாவைத்தான் சொல்லியிருப்பான், சொல்லாவிட்டாலும் சொன்னது மாதிரிதான் இசக்கிக்குக் கேட்கும். முழங்கையைத் திருப்பினான். வேணுமென்று திருப்பினானா, திரும்பிவிட்டதா, முழங்கைக்கு மட்டும்தான் தெரியும். எலும்பில் எலும்பு படுகிற சத்தம் கேட்டது, அப்புறம் தரையில் ஒரு சின்னச் சத்தம், டிக் என்று. பல். வெள்ளையாகக் கிடந்தது, வேரோடு. அந்தப் பய வாயைப் பொத்திக்கொண்டு இவன் மேலேயே சரிந்தான், இவன் நெஞ்செல்லாம் அவன் ரத்தம். ரெப்ரி கையைத் தூக்கிக் காட்டி மோசமான பவுல் எழுதினார், இன்னொண்ணு என்றால் வெளியே என்று விரலை ஆட்டினார். ரத்தம் பட்ட பனியனோடு ஆடக்கூடாது என்பது விதி. மாற்றுப் பனியனுக்கு எங்கே போவது, காலேஜ் கொடுத்தது ஒரே செட்டு. அஞ்சு பவுலும் ஆகி வெளியே உட்கார்ந்திருந்த கிளிட்டஸ்தான் தன்னுடையதைக் கழற்றி நீட்டினான், ஈரமாக, வேர்வை நாற்றத்தோடு. அதைத் தலைவழியே மாட்டினது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கடைசிக் குவார்ட்டர் முழுக்கக் காதில் ஒரே இரைச்சல், ஓடினான், ஆடினான், யாருக்கோ பந்தைக் கொடுத்தான், ஜெயித்தார்கள், அவ்வளவுதான். கண்ணை மூடினால் பல்தான் தெரிகிறது. கோச் அந்தப் பல்லைப் பார்த்திருப்பார். பார்க்காமல் இருக்க முடியுமா, கோர்ட்டே பார்த்தது. எல்லாம் அந்த டிக்கோடு முடிந்துபோயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தான்.

எனக்கு உங்க பன்னெண்டைப் பிடிச்சிருக்கு, என்றார் வரதன். ஞானதுரை சாருக்குப் பையன்கள் பேர் வாயில் வராது, நம்பர்தான் வரும். கேப்டன் என்பதால் இசக்கி நாலு. கிளிட்டஸ் பன்னெண்டு, சேர்ந்த நாளிலிருந்து பன்னெண்டு. வீட்டுக்குப் போன் போட்டாலும், நான் பி.டி. பேசுதேன், பன்னெண்டோட அம்மாவா, என்றுதான் கேட்பார். அவரே இப்போது ஆச்சரியப்பட்டது குரலில் தெரிந்தது. பன்னெண்டா சார், அவன் ரெண்டுல்லா ஆடுதான். ரெண்டா, யார் சொன்னது, அவன் பிறவி ஒண்ணு சார், என்கிறார் மெட்ராஸ்காரர், பந்தை வாங்கின உடனே நாலு பேரும் எங்க நிக்கிறாங்கன்னு முதுகுல கண்ணு வச்ச மாதிரி பார்க்கிறான், இந்த மாதிரி கொடுக்கிறவன் நம்ம பக்கம் கிடைக்கிறதில்லை. இசக்கி பல்லைக் கடித்தான், தூங்குகிறவன் பல்லைக் கடிக்கலாம், தப்பில்லை. அது நான் ஆடுகிற இடம்டா, மூணு வருஷமாக நான் ஆடுகிற இடம். ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டுப் பிறவி என்கிறான். ஞானதுரை சார் இருமிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார், நாலைப் பார்த்தீங்களா சார், எங்க கேப்டன். வரதன் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனை எவ்வளவு நேரம் நீண்டது என்றால், ஒரு லாரி இவர்களைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போய்த் தேய்ந்தது. பிறகு சொன்னார். நாலா. நாலை நான் கவனிக்கவே இல்லையே.

கவனிக்கவே இல்லை. திட்டினாலும் தாங்கலாம், முரடன், ரவுடி, பல்லை உடைத்தவன் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். நாற்பது நிமிஷம் ஓடினவனைக் கவனிக்கவே இல்லையாம். அந்த ஆளின் கண்ணாடியைப் பிடுங்கிக் காலில் போட்டு நறநறவென்று மிதிக்கணும், கண்ணாடி போட்டிருக்கிறாரா என்றுகூடத் தெரியாது, போடாவிட்டால் வாங்கிப் போட்டுவிட்டு மிதிக்கணும். பி.டி. விடவில்லை. அதுதான் இன்னும் கேவலம். நாலு ரெண்டுங்கெட்டான் சார், உண்மையச் சொல்லுதேன், ரெண்டுக்கு உயரம் பத்தாது, ஒண்ணுக்குப் பொறுமை பத்தாது, கையும் நீண்டுரும், ஆனா அவனுக்கு வேற போக்கில்ல, இதை விட்டா மாமன்காரன் கிரஷருக்குக் கூட்டிட்டுப் போயிருவான், உருப்படாமப் போயிருவான், பன்னெண்டுக்கு அப்பா வீட்டுல மீன்பிடி போட்டு இருக்கு, கடல் இருக்கு, எப்படியும் பொழச்சிக்கிடுவான். மூணு வருஷமாகத் தன்னைக் கண்டாலே எரிந்து விழுகிற மனுஷன் தனக்காகக் கெஞ்சுகிறார். இசக்கிக்கு அழுகை வரவில்லை, அந்தக் குரல்வளையை நெரிக்கணும் போல வந்தது. யார் கேட்டது இவரிடம் இரக்கம். மெட்ராஸ்காரர் சிரித்தார். போட்டு இருக்கு, கிரஷர் இருக்குன்னா நான் டீம் கட்ட முடியாது சார், எனக்கு ஆட்டம்தான். அப்புறம், பன்னெண்டுக்கு இடது பக்கம் தட்டிட்டுப் போகத்தான் சரியா வரலை, அதைச் சொல்லிக் கொடுத்துக்கலாம். ஞானதுரை சார் திகைத்துவிட்டார், இடதா, இடதுதான் சார் அவனோட சொத்தே. நான் பார்த்தப்போ வலதுலயேதான் போனான், என்கிறார் இவர், அப்புறம் அந்தக் கோபம், எனக்கு அது பிடிச்சது, கோபம் மொத்தத்தையும் பந்துக்குள்ள வச்சிருக்கான். கோபமா, பன்னெண்டுக்கா, கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான் சார். எங்கிட்ட கண்ணு இருக்கு சார், என்றார் வரதன், கொஞ்சம் விறைப்பாகவே. கண்ணு இருக்காம். பீச்சாங்கைக்காரனை வலங்கைக்காரன் என்கிற கண்ணு. குருட்டுப் பயலாக இருந்தும் கிளிட்டஸைத்தான் பிடித்திருக்கிறது, குருடனுக்குக்கூட என்னைத் தெரியவில்லை.

வள்ளியூர் வந்ததைக் கண்ணைத் திறக்காமலே சொல்லலாம், கல்தூசி மணம் மூக்கில் ஏறும். ரோட்டிலிருந்து ஒரு பர்லாங்கு உள்ளே மாமாவின் கிரஷர், ரெண்டு இரும்புத் தாடை இருபத்துநாலு மணி நேரமும் கல்லைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கும், பேசினால் கேட்காது, எல்லாரும் கையாட்டித்தான் பேசுவார்கள். போன லீவில் போயிருந்தான். ஒரு லாரிக்காரன் எடை குறைகிறது என்று சத்தம் போட்டான், மாமா இசக்கியைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார். ஜாக்கி ராடு எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாது. தோள்பட்டையில் ஒண்ணு, கீழே விழுந்தவன் முழங்காலில் ஒண்ணு. அந்த ஆள் கத்தினது கிரஷர் சத்தத்தில் கேட்கவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடினது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இசக்கிக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது, பசி எடுத்தது, அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் பயமாக இருக்கிறது, ஒரு மனுஷனை அடித்துப் போட்டுவிட்டு ரெண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான். மாமா தோளில் தட்டிச் சொன்னார், ஒனக்கு இடம் இங்கதாம்லே மருமவனே, பந்தையும் கிந்தையும் தட்டிக்கிட்டுத் திரியாத. இடம். எல்லாரும் இவனுக்கு ஒரு இடம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒண்ணா, ரெண்டா, ரெண்டுங்கெட்டானா, ஜாக்கி ராடா. அப்பாவும்தான் ஒரு இடம் வைத்திருந்தார், சமையல்கட்டு மூலை, சைக்கிள் டியூபால் விளாசும்போது இவன் போய் ஒண்டிக்கொள்கிற மூலை, ரெண்டு பக்கமும் சுவர் இருப்பதால் அடி நேராகத்தான் விழும். அங்கிருந்துதான் கற்றுக்கொண்டான், ரெண்டு பேர் நடுவே எப்படி நுழைவது, எந்தப் பக்கம் அடி வரும் என்று எப்படி முன்னாலேயே தெரிந்துகொள்வது. ஒண்ணாக ஆடுகிற பாயிண்டு கார்டுக்கு வேண்டியது அதுதானே. போய்ச் சொல்லு அதை அந்த மெட்ராஸ்காரனிடம்.

ஷட்டர் நடுங்கியது. இந்தப் பஸ் அரசாங்கம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட பஸ், ஜன்னலுக்கெல்லாம் தகர ஷட்டர், மேலே தூக்கி ரெண்டு பக்கமும் கொக்கியில் மாட்டணும். இந்த ஜன்னலில் கொக்கி தேய்ந்துபோயிற்று. ஆரல்வாய்மொழியில் காற்றடித்த அடியில் ஷட்டர் தடதடவென்று இறங்கப் பார்த்தது, அப்போது கிளிட்டஸ் பாதித் தூக்கத்தில் இருந்தான், இசக்கிதான் கணுக்காலுக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை, தீரப்போகிற உருளையை, நசுக்கி ஷட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினான். கிளிட்டஸின் கை பத்திரமாக இருக்கணும் என்றுதான் செருகினான், சத்தியமாக அதுக்காகத்தான். இப்போது அந்த உருளை இவன் கண்ணுக்கு நேரே இருந்தது, எப்போது கண்ணைத் திறந்தான் என்று தெரியவில்லை. கீழே நாலு விரல். சும்மா எட்டித் தொட்டான். நன்றாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கத்தான். இறுகியிருந்தது. கையை எடுத்துக்கொண்டான். எடுத்த கை மடியில் நிற்கவில்லை. நாங்குநேரி டோல்கேட்டுக்கு முன்னால் வரிசையாக வேகத்தடை, டிரைவர் பிச்சையா அண்ணன் எதுக்கும் பிரேக் போடமாட்டார், தூக்கிப் போட்டுவிட்டுத்தான் போவார். ஒரு டேப்பு. அதுவாகவே கழன்று விழலாமே, இவ்வளவு தூரம் குலுங்கி வந்திருக்கிறது. விழுந்தால் என்ன, ரெண்டு விரல் போகும், ஒரு மாசம் கட்டு, மெட்ராஸ் போகிறதுக்குள் ஆறாது, அவனுக்குத்தான் போட்டு இருக்கிறதே, கடல் இருக்கிறதே. சே, என்ன ஜென்மம்டா நீ. மறுபடியும் தொட்டான். பாதி வந்தது. கிளிட்டஸின் எச்சில் இவன் தோளில் சூடாக நனைந்திருந்தது. எழுப்பலாம், லே கையை உள்ளே வையி என்று ஒரு வார்த்தை, முடிந்தது. எழுப்பினால் அவன் முழித்து, என்ன மக்கா, என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை இன்றைக்குப் பார்க்க முடியாது. பின்னால் வரதன் சொல்லிக்கொண்டிருந்தார், முடிவா சொல்றேன் சார், பன்னெண்டுதான், பத்தாம் தேதி அனுப்பி வைங்க. பஸ்ஸுக்கு வெளியே டோல்கேட்டின் மஞ்சள் பலகை வந்தது. முதல் தடை. பஸ் எகிறி விழுந்தது. இசக்கியின் விரல்கள் உருளையைப் பிடித்துக்கொண்டன, குலுக்கலில் விழாமல் இருக்கத்தான் பிடித்தது என்று பின்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். ரெண்டாவது தடை. இழுத்தான். மூணாவது.

ஷட்டர் விழுந்த சத்தம் பெரிசாக இல்லை. காலையில் பல் விழுந்ததே, அதைவிடக் கொஞ்சம் பெரிசு. அதுக்கப்புறம் கிளிட்டஸ் கத்தின கத்தலில் பிச்சையா அண்ணன் பிரேக்கை மிதித்தார், டீம் மொத்தமும் முன் சீட்டில் போய் முட்டியது, இசக்கி துள்ளி எழுந்து நின்றான். கை இன்னும் தகரத்துக்கு அடியிலேயே இருந்தது, வெளியே ரத்தம் பஸ்ஸின் பச்சைப் பெயிண்டில் இறங்கிக்கொண்டிருந்தது, கிளிட்டஸ் வலது கையால் ஷட்டரைத் தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை, காலைத் தரையில் உதைக்கிறான். பின்னாலிருந்து வரதன் எழுந்து கத்தினார், பன்னெண்டு, ஷட்டரைத் தூக்கு, என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற பன்னெண்டு. ஞானதுரை சார் அவரை விலக்கிக்கொண்டு வந்தார், அவன் கைதான் சார் மாட்டியிருக்கு, அவன் எப்படித் தூக்குவான். "அவனை இல்ல சார், இவனை," என்று மெட்ராஸ்காரர் இசக்கியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "உங்க பன்னெண்டு இவன்தானே. என் பஸ் லேட்டு, கடைசிப் பத்து நிமிஷம்தான் பார்த்தேன், பூரா இவன்தானே ஆடினான்."

ஷட்டரை யார் தூக்கினார்கள் என்று இசக்கிக்குத் தெரியாது, சென்டர் ஆடுகிற பயல்கள் ரெண்டு பேர் தூக்கியிருக்கணும். இவன் நின்ற இடத்திலேயே நின்றான். கிளிட்டஸின் ஈரப் பனியன், வேர்வை நாற்றம், தலைவழியே மாட்டினது, இன்னும் கழற்றவில்லை. முதுகில் ஒட்டிக் கிடந்தது, ஒண்ணும் ரெண்டும், பன்னெண்டு. வலது பக்கமே தட்டிக்கொண்டு போனவன். கோபத்தைப் பந்துக்குள் வைத்தவன். முதுகில் கண்ணு இருக்கிறவன். என்னைத்தான். பணகுடியிலிருந்து இந்த ஆள் என்னைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். ஞானதுரை சாரும் அந்த நேரத்தில்தான் புரிந்துகொண்டார், வாயைத் திறந்து இசக்கியைப் பார்த்தார், பிறகு கிளிட்டஸின் விரலைப் பார்த்தார். நடுவிரலும் மோதிர விரலும் விரலாகவே இல்லை, நகம் பிய்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. ஷட்டர் எப்படில விழுந்தது, என்று கேட்டார். கிளிட்டஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இசக்கியை நிமிர்ந்து பார்த்தான், அப்புறம் அவன் பார்வை கீழே இறங்கி, இறுக்கி மூடியிருந்த இசக்கியின் கையில் வந்து நின்றது. விரலிடுக்கில் வெள்ளை தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தான். அல்லது ஒரு நொடிதானோ என்னமோ.

"தானா விழுந்துட்டு சார்," என்றான் கிளிட்டஸ்.

கட்டுப் போடணும்லே, விரலைச் சேத்து இறுக்கிக் கட்டணும், டேப்பு எங்க, டேப்பு எங்க, என்று ஞானதுரை சார் கத்தினார். பயல்கள் பையையெல்லாம் கொட்டினார்கள், பந்து ஒண்ணு உருண்டு போய் டிரைவர் சீட்டில் இடித்து நின்றது, சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். காலையில இருந்துதே, இசக்கி அண்ணன்தான வச்சிருந்தாவ, என்றது ஒரு குரல். இசக்கிக்கு அந்தக் கை தன்னுடையதாகவே இல்லை, விரித்தால் வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்கிற மாதிரி இறுகிக் கிடந்தது. அடிக்கட்டும், எல்லாரும் சேர்ந்து இங்கேயே ரோட்டில் போட்டு மிதிக்கட்டும், மூக்கை உடைக்கட்டும், முழங்காலை உடைக்கட்டும், யாராவது ஒருத்தன் திருப்பி அடிக்கட்டும். யாரும் அடிக்கவில்லை. வரதன்தான் அவன் தோளில் கை வைத்தார், ரொம்ப அன்பாகத்தான் வைத்தார்.

"பன்னெண்டு," என்றார், "உன் கையில என்ன அது?"

இசக்கி கையைத் திறந்தான்.